மேற்பார்வை தேவைப்படலாம்

சின்னவளுக்குக் குமட்டல் என்றால் என்னவென்றே தெரியாது என்று ஆய்வகத்தில் ஒரு பேச்சு உண்டு. கழிவுநீரில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றியது அவளுடைய ஆராய்ச்சி. வாரத்தில் இரண்டு நாள் நகரத்தின் கழிவுநீரேற்று நிலையத்துக்குப் போய், இரும்பு மூடியைத் தள்ளி, கயிற்றில் வாளியை இறக்கி, கறுப்பாய்க் கொழகொழவென்று மேலே வருவதைப் புட்டிகளில் நிரப்பிக்கொண்டு வருவாள். அந்தப் பையை மடியில் வைத்தபடியே பேருந்தில் ரொட்டி தின்பாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நகர்ந்துவிடுவதால் ஜன்னலோர இடம் அவளுக்கு நிச்சயம்.

அப்பா குழாய் வேலை செய்பவர். ஊரார் வீட்டு அடைப்புகளை எடுத்துவிட்டு அவர் திரும்பி வரும்போது அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவாள். சின்னவள் மட்டும் அவருடைய கருவிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்று எந்த வீட்டில் என்ன வந்தது என்று கதை கேட்பாள். அக்கா கல்யாணமாகிப் போனபோது, வீட்டில் இருந்த ஒரே மூக்கும் போய்விட்டது என்று அம்மா சொன்னாள்.

அவளை முகம் சுளிக்க வைத்த இடம் ஒன்றே ஒன்றுதான். அது பேராசிரியரின் அறை. அறை சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பேனா மூடியின் கொக்கியைக் காதுக்குள் விட்டுத் திருகுவார். வெளியே எடுத்து, வந்ததை வெளிச்சத்தில் பார்ப்பார். மேசையின் அடிப்பக்கத்தில் தேய்ப்பார். பிறகு, "இந்தா, இதுல ஒரு கையெழுத்து போடு" என்று அதே பேனாவை நீட்டுவார். சாக்கடையில் கைவிட்டவள், அந்தப் பேனாவை இரண்டு விரல் நுனியால்தான் வாங்குவாள்.

அவரிடம் ஆராய்ச்சி செய்தவர்கள் இரண்டே பேர். மற்றவன் நிதானம். பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஆனால் துறையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு குடுவையை மூன்று முறை கழுவுவான். நாலாவது முறை கழுவலாமா என்று சற்று யோசிப்பான். எல்லாரும் தேதி மட்டும் எழுதும் குறிப்பேட்டில் இவன் மணி, நிமிடம், அறையின் வெப்பம் எல்லாம் எழுதுவான். தீயணைப்புப் பயிற்சிக்கு மணி அடித்தபோது கட்டிடத்தை விட்டுக் கடைசியாக வந்தவன் அவன்தான். விளக்குகளை அணைத்து, குளிர்பெட்டியைப் பூட்டி, செருப்பை மாற்றிக்கொண்டு வந்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆய்வகத்தின் அளவீடுகள் எல்லாம் தாறுமாறாக வரத் தொடங்கின. வெயில் காரணம் என்றார் பேராசிரியர். மருந்து மட்டரகம் என்றாள் சின்னவள். நிதானமோ காய்ச்சி வடித்த தண்ணீர் வரும் குழாயைக் கழற்றி, விரற்கடை விரற்கடையாக அறுத்துப் பார்த்தான். ஒன்பதாவது துண்டில் பச்சையாய் ஒரு வழுவழுப்பு உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கண்டுபிடித்திராவிட்டால் அவர்கள் இருவருடைய ஒரு வருட வேலையும் குப்பைதான்.

இந்த வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றில் ஆறு மாதப் பயிற்சி. விமானச் சீட்டிலிருந்து தங்குமிடம் வரை எல்லாச் செலவும் பல்கலைக்கழகத்தினுடையது. துறைக்கு ஒருவர். கழிவுநீர் ஆராய்ச்சியில் உலகமே திரும்பிப் பார்க்கும் இடம் அது. இருவரும் விண்ணப்பித்தார்கள். வழிகாட்டிப் பேராசிரியர் ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் ரகசியமாக ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதி, ஒட்டிய உறையில் அனுப்ப வேண்டும் என்பது விதி.

சின்னவள் போய் நின்றபோது பேராசிரியர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கடிதம்தானே? நீயே எழுதிட்டு வந்துடும்மா. நான் கையெழுத்து போட்டுடறேன்."

"நானேவா சார்?"

"உன்னைப் பத்தி உன்னைவிட யாருக்குத் தெரியும்?" சிரித்தார். பேனா மூடி காதுக்குள் போயிற்று. "அப்படியே அவனுக்கும் நீயே எழுதிடு. அவன எழுதச் சொன்னா கடைசி தேதி முடிஞ்சு அடுத்த வருஷ சுற்றறிக்கை வந்துடும். உனக்கு நல்லா எழுத வரும். அவன்கிட்ட சொல்லிட்டு இருக்காத. ரகசியக் கடிதம் இல்லையா?"

நூலகத்தின் மூலையில் ஒரு மேசையில் உட்கார்ந்து தன்னைப் பற்றி எழுதத் தொடங்கினாள். "இந்த மாணவி கூர்மையான அறிவும் அயராத உழைப்பும் கொண்டவர்." எழுதியதைப் படித்ததும் உடம்பு கூசியது. அடித்தாள். "சராசரிக்கும் மேற்பட்டவர்" என்று போட்டாள். அதையும் அடித்தாள். தன் முதுகைத் தானே தட்டிக்கொடுக்கக் கை எட்டாமல் திண்டாடுகிற மாதிரி இருந்தது. ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு பகல் முழுவதும் போயிற்று.

நிதானத்துக்கு எழுத இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்தவனைப் பற்றி எழுதும்போது கூச்சம் இல்லை. நேர்மை, துல்லியம், ஐந்து வருடத்தில் ஒரு மாதிரியைக்கூடக் கெடுக்காத கை, பச்சை வழுவழுப்பைக் கண்டுபிடித்த கதை என்று எல்லாம் தானாக வந்து விழுந்தது. முடித்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள்.

அவனுடைய கடிதம் நன்றாக இருந்தது. தேர்வுக் குழுவில் தான் உட்கார்ந்திருந்தால் யாரை அனுப்புவோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் சட்டென்று வந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

முதலில் குழாய்க் கதையை எடுத்தாள். கடிதம் நீளமாக இருக்கிறது என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டாள். பிறகு, "மிகச் சிறந்த" என்பது "நல்ல" ஆயிற்று. கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். "ஒரு வேலையை முடிக்க இவருக்குச் சில வேளைகளில் கூடுதல் காலமும் மேற்பார்வையும் தேவைப்படலாம்." படித்துப் பார்த்தாள். பொய் இல்லை. "சில வேளைகளில்" என்றுதானே இருக்கிறது; "தேவைப்படலாம்" என்றுதானே இருக்கிறது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து அச்செடுத்தாள்.

பேராசிரியர் இரண்டு கடிதத்திலும் அந்தப் பேனாவால் கையெழுத்துப் போட்டார். படித்த மாதிரி தெரியவில்லை. உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, இழுத்து இழுத்து ஒட்டினார்.

நேர்காணல் முடிந்து மூன்றாவது வாரம் முடிவு வந்தது. சின்னவள் தேர்வாகியிருந்தாள். நிதானம் காத்திருப்போர் பட்டியலில் முதலாவது.

அவளுக்கு முதலில் கைகொடுத்தவன் அவன்தான். "நல்லதாப் போச்சு. நேர்காணல்ல நான் ஒரு கேள்விக்கு யோசிச்சுட்டே இருந்தேன், அவங்க அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தான்.

"உனக்கு வருத்தம் இல்லையாடா?"

"இருக்கு. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

மூன்றாம் நாள் அவன் ஒரு தாளைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தான். பயணத்துக்கு முன் செய்ய வேண்டியவை எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தன. கடவுச்சீட்டின் நகல் எத்தனை, மருத்துவச் சான்று எங்கே வாங்குவது, மாதிரிக் குழாய்களை மூன்று அடுக்கு உறையில் எப்படிக் கட்டுவது, விமான நிலையத்தில் அவற்றைப் பற்றிக் கேட்டால் எந்தக் காகிதத்தைக் காட்டுவது. தனக்காகத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருந்ததை அப்படியே அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். மறுநாள் ஒரு பெரிய பையோடு வந்தான். அதற்குள் கனமான குளிர் கோட்டு.

"என் சித்தப்பா மகன் அங்க வேலை பார்த்தப்ப வாங்கினது. எனக்குத்தான் கேட்டு வாங்கினேன். உனக்குக் கை கொஞ்சம் நீளமா இருக்கும், மடிச்சு விட்டுக்கோ."

போட்டுப் பார்த்தாள். அந்துருண்டை வாசனை அடித்தது. கைகள் உள்ளேயே எங்கோ காணாமல் போயின. "நல்லா இருக்கு" என்றான் அவன். அவள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனாள். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள்.

பயண வேலைகள் வரிசையாக வந்தன. மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது செவிலியர் மலமாதிரிக்கு ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, "முகம் சுளிக்காதம்மா, எல்லாரும் செய்யறதுதான்" என்றார். சின்னவள் சிரித்தாள். அந்த டப்பாவில் என்னென்ன இருக்கும் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடுவாள் அவள். அது அசிங்கமே இல்லை. வீட்டுக்கு வந்தால்தான் என்னவோ போல இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், எதிர் வீட்டுக்காரர், அக்காவின் மாமியார் என்று ஒவ்வொருவராக வந்து, "திறமை இருந்தா தேடி வரும் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ ஈரக்கையால் முகத்தைத் துடைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது பயிற்சி வகுப்பு நடந்தது. எல்லாத் துறைகளிலிருந்தும் தேர்வான பன்னிரண்டு பேரைக் குளிரூட்டிய அறையில் உட்கார வைத்தார்கள். கழுத்துப்பட்டியும் வாயில் புதினா மிட்டாயுமாக ஒரு பயிற்சியாளர் வந்தார்.

"அங்க போனா எல்லாரையும் பார்த்து சிரிக்கணும். பல் தெரியணும், ஆனா ஈறு தெரியக் கூடாது. எங்க, சிரிங்க பார்ப்போம்."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் ஒவ்வொருவர் வாயையும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி இருந்தது.

"இன்னொரு முக்கியமான விஷயம். நம்ம மேல அடிக்கிற வாடை நமக்குத் தெரியாது. அவங்களுக்குத் தெரியும். சொல்ல மாட்டாங்க, நாகரிகமானவங்க. அதனால நாமதான் பார்த்துக்கணும்." ஆளுக்கொரு வாசனைக் காகிதப் பொட்டலம் கொடுத்தார். "அக்குள், கழுத்து, காதுக்குப் பின்னாடி. கூச்சப்படாம இப்பவே துடைங்க."

எல்லாரும் துடைத்தார்கள். ரோஜா வாடை அறை முழுக்க ஏறியது. சின்னவள் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஏற்றுநிலையத்துக் காற்று எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

இடைவேளையில் வெளிநாட்டுப் பிரிவு அதிகாரி அம்மா அவளைத் தேடி வந்தார். அந்த அம்மாதான் தேர்வுக் குழுவுக்குச் செயலாளர். கையில் கேக் துண்டு.

"உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். உங்க சார் உன்னைப் பத்தி எழுதின கடிதம் பிரமாதம். எங்க குழுவுல எல்லாரும் பாராட்டினாங்க."

"நன்றி மேடம்."

"இல்லன்னா கஷ்டம்தான். நேர்காணல்ல உன் கூடப் படிக்கிற பையன்தான் முதல்ல. யோசிச்சு யோசிச்சுப் பேசினாலும் பிசகில்லாம பேசினான். ஆனா பாரு, அவனோட சாரே 'மேற்பார்வை தேவைப்படலாம்'னு எழுதிட்டாரு. அப்படி ஒருத்தன நம்பி வெளிநாட்டுக்கு எப்படி அனுப்பறது? அந்த ஒரு வரிதான்." கேக்கின் பூச்சு அவர் உதட்டோரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாக்கை நீட்டி அதை நக்கி எடுத்தார். "கொஞ்சம் சாப்பிடேன், நல்லா இருக்கு."

கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்ட பிறகுதான் சின்னவளுக்கு வந்தது. குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்தாள். கண்ணாடியில் பார்த்தபோது மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிந்தது. பயிற்சியாளர் பார்த்த பற்கள், ஈறு தெரியாமல் சிரித்த அதே பற்கள். சீ என்று கண்ணாடியைப் பார்த்தே துப்பினாள். பிறகு அதைத் துடைத்துவிட்டு வந்தாள். சுத்தம் செய்யும் அம்மாள் பாவம்.

அன்று மாலை சமையலறையில் அம்மா துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவையகத்தில் நாள் முழுக்க அதே வேலை செய்துவிட்டு வந்து, மகள் கொண்டுபோகிற சட்டைகளுக்காக மறுபடியும் நின்றுகொண்டிருந்தாள். அப்பா தரையில் மல்லாந்து படுத்துத் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் ஏதோ மரையை முறுக்கிக்கொண்டிருந்தார். சின்னவள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நீ பொய்யா எதுவும் எழுதலையே?"

"இல்ல."

"அப்புறம் என்ன? அந்தப் பையன் மெதுவாத்தானே வேலை செய்வான்? நீயே எத்தனை தடவை வந்து சொல்லியிருக்க."

தொட்டிக்கு அடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "எழுதச் சொன்னவன் அந்த வாத்தியார். கையெழுத்து போட்டவனும் அவன். உனக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி? பேசாம கிளம்பற வேலையப் பாரு."

"அப்பா, உங்களுக்கு இது அசிங்கமாத் தெரியலையா?"

"இதைவிட அசிங்கத்தை எல்லாம் பார்த்தாச்சும்மா. அந்தப் பெரிய ஸ்பேனர எடு."

ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். பொய் இல்லை, பொய் இல்லை என்று நூலகத்து மேசையில் தானும் இதையேதான் சொல்லிக்கொண்டாள். இப்போது அதையே அம்மாவின் வாயால் கேட்டாள். தன்னைப் பெற்றவர்கள் மேல் அவளுக்கு அருவருப்பு வந்தது அன்றுதான். அப்படி வந்ததற்காகத் தன் மேல் இன்னும் கொஞ்சம் வந்தது.

மறுநாள் காலை நேரே பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

"சார், நிதானத்தோட கடிதத்துல நான் ஒரு வரி சேர்த்துட்டேன். அதனாலதான் அவனுக்குக் கிடைக்கல. நீங்க படிக்காம கையெழுத்து போட்டுட்டீங்க."

பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவரோ புன்னகைத்தார்.

"படிக்காம கையெழுத்து போட நான் என்ன முட்டாளா? படிச்சேன். நல்ல வரி. நானே எழுதியிருந்தா கொஞ்சம் முரட்டுத்தனமா இருந்திருக்கும்."

அவள் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"உட்காரு. இங்க பாரு, அவன் ஒரு தடவை அங்க போனான்னா அவங்க விட மாட்டாங்க. அந்தக் கைக்கு அங்கேயே நாற்காலி போட்டுக் கொடுத்துடுவாங்க. அப்புறம் இங்க என் திட்டத்தை யார் முடிக்கிறது? நீயா?" மூடியைக் காதிலிருந்து எடுத்தார். நுனியில் மஞ்சளாய் ஏதோ இருந்தது. "நீ போவ, சுத்திப் பார்ப்ப, ஆறு மாசத்துல திரும்பி வந்துடுவ. உன்ன அவங்க பிடிச்சு வச்சுக்க மாட்டாங்க. எனக்கும் அனுப்பின பேரு இருக்கும். உங்க ரெண்டு பேர் கடிதத்தையும் உன்கிட்ட கொடுத்தா நீ என்ன செய்வன்னு எனக்குத் தெரியாதா?"

மேசையின் அடியில் அவர் கை தேய்க்கும் சத்தம் கேட்டது. எத்தனை வருடத்துத் தேய்ப்பு அங்கே காய்ந்து கிடக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து, சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வந்தாள்.

நிதானம் ஆய்வகத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்தான். அவன் மூன்றாவது முறை கழுவி முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு தன் கணினியில் இருந்த இரண்டு கடிதங்களையும் திறந்து வைத்து, "உட்கார்ந்து படி. ரெண்டும் நான் எழுதினது" என்றாள். பேராசிரியர் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

அவன் படித்தான். எதையும் படிக்கிற மாதிரியே மெதுவாக, ஒவ்வொரு வரியாக. அவளுக்கு நின்ற இடத்தில் கால் வலித்தது.

"இந்த வரி சரிதான்" என்றான் கடைசியில். "எனக்கு நேரம் ஆகும்."

"சரியில்லடா. உனக்கு மேற்பார்வையே வேணாம். நாங்கதான் உன்னப் பார்த்துச் செய்யறோம்."

"முதல்ல எழுதினது இருக்கா? மாத்தறதுக்கு முன்னாடி?"

இருந்தது. அதையும் திறந்து காட்டினாள். குழாய்க் கதை வந்த இடத்தில் அவன் கண் நின்றது. அங்கேயே வெகு நேரம் நின்றது.

"இதை எழுதிட்டு, அப்புறம் எடுத்திருக்க."

"ஆமா."

"எழுதாமலே விட்டிருந்தா பரவாயில்ல." அவன் எழுந்தான். முகம் வெளுத்திருந்தது. "நான் உனக்குப் பட்டியல் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். நீ வாங்கி வச்சுக்கிட்ட. எப்படி முடிஞ்சுது உன்னால? எனக்கு உன்னைப் பார்க்கவே என்னவோ மாதிரி இருக்கு."

அவன் கையை நீட்டினான்.

"என் கோட்டைக் கொடு."

கோட்டு அவளுடைய அலமாரியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவன் அந்தக் கனத்த கோட்டைக் கையில் சுமந்துகொண்டு மாடிப்படி இறங்கிப் போனான்.

அன்று மதியமே வெளிநாட்டுப் பிரிவுக்குப் போய் அதிகாரி அம்மாவிடம் விலகல் கடிதத்தைக் கொடுத்தாள். நடந்தது எல்லாம் அதில் இருந்தது. அந்த அம்மா படிக்கப் படிக்கக் கண்ணாடியை மேலே ஏற்றினார், கீழே இறக்கினார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உனக்கு என்ன பைத்தியமா? இப்படி எழுதினா இதை நான் குழுவுல வைக்கணும். வச்சா எல்லாக் கடிதத்தையும் கிளறுவாங்க. போன வருஷம் போனவங்க, அதுக்கு முந்தின வருஷம் போனவங்க, எவன் தன் கடிதத்தைத் தானே எழுதாதவன்?"

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"தெரியும், தெரியாது, அதை விடு. உனக்கு வேணாம்னா வேணாம்னு எழுது. 'தனிப்பட்ட காரணங்களால்'. அவ்வளவுதான். அடுத்த ஆள் அந்தப் பையன்தான். அங்க கேட்டுத் தேதியை ஒரு மாசம் தள்ளி வாங்கித் தரேன். இல்ல, இந்தக் கடிதத்தைத்தான் கொடுப்பேன்னு நின்னா, விசாரணை முடியற வரைக்கும் உங்க துறைக்கு யாரும் போக முடியாது. அவனும்தான். எது வேணும்?"

ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். உண்மையைச் சொல்ல வந்த இடத்திலும் பொய் ஒன்று எழுதினால்தான் காரியம் ஆகும் என்றிருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் விரலில் பிசுபிசுக்க, "தனிப்பட்ட காரணங்களால் விலகிக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய முதல் கடிதத்தை அந்த அம்மா நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். கூடையில் நேற்றைய கேக்கின் காகிதத் தட்டு கிடந்தது.

"இன்னொண்ணு. அவனுக்குப் புதுசா ஒரு சிபாரிசு வேணும், ஒரு வாரத்துக்குள்ள. பழசை வச்சு அனுப்ப முடியாது பாரு."

சின்னவள் அவனிடம் நேரில் போகவில்லை. ஒரு தாளில் விஷயத்தை எழுதி அவன் மேசையில் வைத்தாள். அவன் அதை எடுத்துப் படித்தான், மடித்துப் பையில் வைத்தான், பேராசிரியர் அறைக்குப் போனான். கதவு திறந்தே இருந்ததால் பேச்சு வராந்தாவுக்குக் கேட்டது.

"எழுதிட்டு வாப்பா, போட்டுத் தரேன்" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீங்க எழுதுங்க சார்."

"எனக்கு நேரம் இல்ல."

"நான் காத்திருக்கேன் சார்."

அவர் அறைக்கு வெளியே வராந்தாவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். அன்று முழுக்க உட்கார்ந்திருந்தான். அடுத்த நாளும் உட்கார்ந்திருந்தான். சாப்பாட்டு டப்பாவை அங்கேயே திறந்து, ஒவ்வொரு வாயையும் நிதானமாக மென்று தின்றான். பேராசிரியர் வெளியே வரும்போதும் உள்ளே போகும்போதும் எழுந்து நின்றான். அவர் கழிப்பறைக்குப் போய் வந்தாலும் எழுந்து நின்றான். காத்திருப்பதில் அவனை ஜெயிக்க அந்தக் கட்டிடத்தில் ஆள் இல்லை. மூன்றாம் நாள் அந்த வழியாக வந்த துறைத் தலைவர், "என்னப்பா, யாருக்குக் காவல்?" என்று கேட்டார். "சார் எனக்கு ஒரு கடிதம் எழுதித் தர்றாரு சார்" என்றான் நிதானம், சத்தமாக. துறைத் தலைவர் அறைக்குள் எட்டிப் பார்த்து, "அட, எழுதிக் கொடுங்க சார், பையன் தவம் கிடக்கிறான்" என்றுவிட்டுப் போனார்.

கதவு சாத்திக்கொண்டது. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தது. அவர் கையாலேயே எழுதிய ஐந்து வரி. அதில் "துல்லியம்" என்ற சொல்லில் எழுத்துப் பிழை இருந்தது. நிதானம் தப்பைச் சுட்டிக்காட்டினான். அவர் திருத்திக் கொடுத்தார்.

அவன் கிளம்புவதற்கு முன் சின்னவளிடம் இரண்டே முறை பேசினான். தடுப்பூசி எந்த அறையில் போடுகிறார்கள் என்று ஒரு முறை கேட்டான். அவனுடைய குளிர்பெட்டிச் சாவியை ஒப்படைக்கும்போது, "மேல் தட்டுல இருக்கிறதைத் தொடாத" என்றான். விமானம் ஏறும் நாளில் துறையிலிருந்து நாலைந்து பேர் வழியனுப்பப் போனார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளும் போகவில்லை.

வீட்டில் அம்மா பத்து நாள் பேசவில்லை. மடித்து வைத்த சட்டைகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள். அக்கம்பக்கத்துக்குச் சொல்ல, உடம்பு சரியில்லை என்று அப்பா ஒரு காரணம் கண்டுபிடித்தார். "என்ன உடம்பு?" என்று கேட்டவர்களுக்கு வயிறு என்றார். அது ஒன்றுதான் அதில் உண்மை.

சின்னவளால் பேராசிரியரின் அறைக்குள் அதன் பிறகு போக முடியவில்லை. வாசலில் நிற்கும்போதே வாயில் உப்பாய் நீர் ஊறியது. வழிகாட்டியை மாற்றினால் ஒரு வருட வேலை வீண் என்று எல்லாரும் சொன்னார்கள். இன்னும் ஒரு வருடம் அங்கே இருந்தால் தானும் காதில் பேனா விட்டுக்கொள்ளப் பழகிவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. மாற்றத்துக்கு விண்ணப்பித்தாள்.

புது வழிகாட்டியின் அறை சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டிய சின்ன அறை. மண்ணியல் படித்த அம்மா. மேசை நிறைய மண் பொட்டலங்கள். ஒரு நாற்காலியில் பூட்சு, இன்னொன்றில் அவர். விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"வெளிநாட்டுக்குத் தேர்வாகி, அப்புறம் விலகியிருக்க. 'தனிப்பட்ட காரணங்கள்'னு போட்டிருக்கு. என்ன காரணம்?"

"அது பொய் மேடம்."

"அப்ப உண்மை என்ன?"

பூட்சைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுச் சின்னவள் உட்கார்ந்தாள். நூலகத்து மேசையிலிருந்து தொடங்கினாள். எந்தச் சொல்லை எடுத்தாள், எந்தச் சொல்லைப் போட்டாள், எழுந்து தண்ணீர் குடித்தது, கோட்டைப் போட்டுப் பார்த்தது என்று எதையும் விடவில்லை. பேராசிரியரின் பங்கைக் குறைவாகவும் தன் பங்கை முழுதாகவும் சொன்னாள்.  அந்த அம்மா குறுக்கே பேசவில்லை. மண் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்தவர் அதைப் பிரிக்காமலே வைத்துக்கொண்டிருந்தார்.

அவள் சொல்லி முடித்ததும் அவர் பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"கேக்கவே அசிங்கமா இருக்கு" என்றார் அந்த அம்மா.

"ஆமா மேடம்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு இப்ப ஒரு வகுப்பு இருக்கு. திங்கட்கிழமை காலையில வா. பழைய குறிப்பேடு எல்லாத்தையும் எடுத்துட்டு வா, முதல்லேர்ந்து பார்க்கலாம்."

அவர் பூட்சை மாட்டிக்கொண்டு எழுந்தார். சின்னவளும் எழுந்து, நாற்காலியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு அவர் பின்னாலேயே வெளியே வந்தாள்.